மூன்று நாளில் மூன்று மலை: நார்வேயில் எதை நடப்பது, எதை விடுவது?

புதுநடை | ஜூலை 9, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். ஓஸ்லோவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை இங்கே ஏறிய உயரம் எங்கள் வீட்டு மாடிப்படி மட்டும்தான். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கோயம்புத்தூரிலிருந்து மச்சான் வருகிறான். நான், மனைவி, மச்சான் என மூன்று பேர். மூன்று நாள் விடுப்பு. ஒரு வாடகைக் கார். முதல் நாள் ட்ரோல்டுங்கா, இரண்டாம் நாள் பிரெய்க்கெஸ்டூலன், மூன்றாம் நாள் பெஸ்ஸெக்கன் என்று திட்டம் போட்டிருக்கிறேன். மூன்றுமே படங்களில் பார்த்து மயங்கியவை.

உடல்வலு பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் மச்சானும் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் இரண்டு முறை ஏறியவர்கள். மனைவி சைவம், சாப்பாட்டு யோசனைக்காக அதையும் சொல்லி வைக்கிறேன். திட்டம் சரிதானா?

பேர்கன் மழை | ஜூலை 9, இரவு 11.25

தம்பி, திட்டம் அருமை. மூன்று நாளை ஒன்பது நாளாக மாற்றினால் போதும்.

வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஓஸ்லோவிலிருந்து ட்ரோல்டுங்காவுக்குப் போகும் ஊரான ஒட்டாவுக்குக் காரில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். நடை, போக வர 27 கிலோமீட்டர். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். இறங்கி வந்த காலோடு அன்றிரவே தெற்கே காரோட்டி, மறுநாள் பிரெய்க்கெஸ்டூலன் ஏறி, அங்கிருந்து பெஸ்ஸெக்கன் இருக்கும், தென் நார்வேயின் நடுவிலுள்ள யோட்டுன்ஹைமன் மலைப்பகுதிக்கு ஒரு முழு நாள் காரோட்ட வேண்டும். நீங்கள் மலை பார்க்க வரவில்லை, சுரங்கப்பாதை பார்க்க வருகிறீர்கள். மேற்குக் கரையில் அதற்குக் குறைவில்லை.

வெள்ளியங்கிரியை நான் ஏறியதில்லை, குறைத்துச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அங்கே உங்களை வியர்வை வாட்டும், இங்கே வாட்டுவது காற்றும் ஈரமும். ஆகஸ்ட் கடைசியில் 1700 மீட்டர் உயரத்தில் பனி தூறினால் யாரும் வியப்படைய மாட்டார்கள். 1988 முதல் இந்த நாட்டில் இருக்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள் வடக்கே பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் வேலை. அங்கே முதலில் கற்றுக்கொண்டது மொழி இல்லை, உள்ளாடை. பருத்தியைத் தொடாதீர்கள். தோலை ஒட்டிக் கம்பளி, அதன் மேல் இன்னொரு கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத சட்டை. சப்பாத்து கணுக்காலை மூட வேண்டும்.

புதுநடை | ஜூலை 9, இரவு 11.41

ஒன்பது நாள் விடுப்புக் கேட்டால் வேலையே ஒன்பது நாளில் போய்விடும் அண்ணா. அப்படியென்றால் ஒன்றுதான். எதை எடுப்பது? (சப்பாத்து என்றால் ஷூ என்று மனைவி விளக்கினாள்.)

கல்நாக்கு | ஜூலை 10, காலை 7.15

ட்ரோல்டுங்காவுக்குப் போங்கள். ட்ரோல் என்பது இந்நாட்டுக் கதைகளில் வரும் மலைப்பூதம். ட்ரோல்டுங்கா பூதத்தின் நாக்கு. ரிங்கெடால்ஸ்வட்னெட் ஏரிக்கு மேலே 700 மீட்டர் உயரத்தில், அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு ஒருகணம் இடம் மாறியது.

இனி வரப்போகிறவர்கள் ‘கூட்டம், படத்துக்கு வரிசை, வணிகமயம்’ என்று புலம்புவார்கள். ஆமாம், வரிசை இருக்கிறது. படத்தில் தனியாக நிற்பவருக்குப் பின்னால், சட்டகத்துக்கு வெளியே ஐம்பது பேர் நிற்பார்கள். 2010-இல் ஆண்டுக்குச் சில நூறு பேர் போன இடம்; 2016-இல் ஏறக்குறைய 80,000 பேர். ஊர் கூடித் தேர் பார்ப்பதால் தேர் சிறுத்துவிடுமா? மேலே உள்ள வாகன நிறுத்தம்வரை போனால் போக வர 20 கிலோமீட்டராகக் குறையும். அங்கே சில கார்களுக்குத்தான் இடம், முன்பே பதிவு செய்ய வேண்டும். கிடைக்காதவர்களுக்குக் கீழிருந்து சிற்றுந்து ஓடுகிறது.

விட்டாவாசி | ஜூலை 10, காலை 9.02

கல்நாக்கு எப்போதும் தன் பெயருக்கேற்ற வாதத்தையே வைக்கிறார்.

பாறையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இருபது கிலோமீட்டரும் அந்த ஒரு படத்துக்கான வழியாகிவிடுகிறது. ஏறும்போது எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், இறங்கும்போது கைப்பேசியைப் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது குடில் விட்டுக் குடில் நடப்பது.

டி.என்.டி. என்ற மலையேற்றச் சங்கம் 1868-இல் தொடங்கியது. நாடெங்கும் 550-க்கும் மேற்பட்ட குடில்கள் அவர்களுடையவை. வழியில் கற்குவியல்களின் மேல் சிவப்பு மையில் ‘டி’ என்று எழுதியிருக்கும். மூடுபனியில் அடுத்த சிவப்புக் கண்ணில் படும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, அம்மாவை ரயில் நிலையக் கூட்டத்தில் கண்டுபிடித்தது போல இருக்கும். சில குடில்களில் ஆட்கள் இருந்து சமைத்துப் போடுவார்கள். சிலவற்றில் ஆளே இருக்காது. உறுப்பினர்களுக்கான பொதுச் சாவியால் திறந்து, விறகு பிளந்து அடுப்பு மூட்டி, ஓடையில் தண்ணீர் மொண்டு, அலமாரியில் இருக்கும் உணவை எடுத்துச் சமைத்து, எடுத்ததைக் கணக்கெழுதிப் பணம் கட்டிவிட்டு, பாத்திரம் கழுவி, தரை பெருக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. மூன்றாவது வகையில் உணவும் இருக்காது, நாமே சுமந்து போக வேண்டும்.

மூன்று நாள் என்றால் என் பரிந்துரை ஃபின்ஸேயில் தொடங்குவது. 1909-இல் திறந்த ஓஸ்லோ-பேர்கன் ரயில்பாதையின் மிக உயரமான நிலையம் அது, 1222 மீட்டர். ஊருக்குப் பொதுச்சாலையே கிடையாது. ரயிலைவிட்டு இறங்கினால் நடை தொடங்கிவிட்டது. எதிரே ஹார்டாங்கர் பனிப்பாறை வெள்ளைப் போர்வை போலக் கிடக்கும். அங்கிருந்து குடில் குடிலாக அவுர்லான்ட் பள்ளத்தாக்கில் இறங்கலாம். கடைசி நாள் ஓஸ்டெர்போவிலிருந்து வாஸ்பிக்டி வரை, இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மரமே இல்லாத மேட்டில் தொடங்கிப் பூர்ச்ச மரக்காட்டுக்குள் முடியும். வழியில் கைவிடப்பட்ட சின்யார்ஹைம் பண்ணை மலைவிளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே வழியில், பழைய வெள்ளம் பாறையைக் குடைந்து உண்டாக்கிய பெருங்குழி ஒன்று. அதன் பெயர் ‘வெட்லாஹெல்வெட்டே’, அதாவது சின்ன நரகம். உள்ளே குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

பேர்கன் மழை | ஜூலை 10, காலை 9.30

அவுர்லான்ட் பற்றித் தங்கை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அந்த ஆற்றின் நீரில் பெரும்பகுதி 1970-களிலேயே மின்சாரத்துக்குத் திருப்பப்பட்டுவிட்டது. பழைய ஆட்கள் அதைச் சொல்லும்போது குரல் மாறும். இருப்பதே இந்த அழகு என்றால் இருந்தது எப்படி இருந்திருக்கும்!

குளிர்கண்ணன் | ஜூலை 10, பகல் 12.10

குடிலுக்குக் காசு கொடுப்பதைவிடக் கூடாரம் போடலாமே? சட்டம் அனுமதிக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

விட்டாவாசி | ஜூலை 10, பகல் 12.34

அனுமதிக்கிறது. 1957-ஆம் ஆண்டுச் சட்டம். பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், தங்கலாம். ஆள் வசிக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ 150 மீட்டர் தள்ளிப் போட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் கூடாது. ஊரை விட்டு வெகுதொலைவில், உயர்மலையில் இந்த இரண்டு இரவுக் கெடுபிடி இல்லை. காட்டில், காட்டுக்கு அருகில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை தீ மூட்டத் தடை. ஆனால் முதல்முறை மலைக்குப் போகிறவர்களிடம் கூடாரத்தைச் சொல்லாதீர்கள் கண்ணன். ஒரு காற்றுக்கு அது பட்டமாகிவிடும்.

புதுநடை | ஜூலை 10, இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் மாநாடு நடந்தது. மனைவிக்கு மூன்று இரவு பை சுமக்க விருப்பமில்லை. மச்சானுக்கு ‘கத்தி முனை போன்ற’ ஒன்று வேண்டுமாம். எனக்குக் காரில் ஆறு மணி நேரம் ஆகாது. ஆகவே பெஸ்ஸெக்கன். கல்நாக்கு மன்னிக்கவும். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்வீர்களா? மனைவிக்கு உயரம் கொஞ்சம் பயம்.

கல்நாக்கு | ஜூலை 10, இரவு 10.05

மன்னித்தேன். ஓஸ்லோவிலிருந்து நான்கு மணி நேரம்தான். கார் இல்லாவிட்டாலும் கோடையில் ஃபாகர்னெஸ் வழியாகப் பஸ் உண்டு.

நாணல் | ஜூலை 11, காலை 6.48

பல ஆண்டுகளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். பெஸ்ஸெக்கன் என்றதும் எழுத வந்துவிட்டேன். நான்கு முறை நடந்திருக்கிறேன், இரண்டு முறை பயந்திருக்கிறேன்.

இடத்தை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு ஏரிகள். கீழே யெண்டே, கடல்மட்டத்துக்கு 984 மீட்டர். மேலே பெஸ்வட்னெட், 1373 மீட்டர். இரண்டுக்கும் இடையே ஒரு பாறைவரம்பு. வரம்பின் மேல் நிற்கும்போது இடப்பக்கம் நீலம் காலடிக்கு அருகில் இருக்கும், வலப்பக்கம் பச்சை ஏறக்குறைய 400 மீட்டர் ஆழத்தில் கிடக்கும். பச்சைக்குக் காரணம், பனிப்பாறைகள் மலையை அரைத்து ஆற்றில் அனுப்பும் கல்மாவு. அது நீரில் மிதந்து வெளிச்சத்தை அப்படித் திருப்புகிறது. பெஸ்வட்னெட்டுக்கு அந்த மாவு வருவதில்லை, ஆகவே அது நீலமாகவே இருக்கிறது. படங்களில் நிறம் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கூட்டவில்லை.

எல்லோரும் செய்வது இது: காலையில் யெண்டே ஏரிக்கரையில் இருக்கும் யெண்டெஸ்ஹைமில் படகேறி, அதே ஏரிக்கரையில் தள்ளியிருக்கும் மெமுருபுவில் இறங்கி, மலைமேலாக யெண்டெஸ்ஹைமுக்கே நடந்து திரும்புவது. 14 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஏற்றம் எல்லாம் சேர்த்து ஆயிரம் மீட்டரைத் தாண்டும். இறங்கியதுமே செங்குத்தாக ஒரு மணி நேரம். பாதிப்பேர் இங்கேயே வாழ்க்கையை மறுபரிசீலனை செய்வார்கள். பிறகு ஏறி இறங்கும் மேடு. பிறகு இரண்டு ஏரிக்கும் நடுவில் ‘பாண்டெட்’ என்னும் ஒடுங்கிய இடுப்பு. அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதன்பின்தான் வரம்பு. கையும் காலுமாக ஏற வேண்டிய இடங்கள் உண்டு. ஊன்றுகோலைப் பைக்குள் வைத்துவிடுங்கள். உச்சி 1743 மீட்டர், பெயர் வெஸ்ல்ஃப்யெல்லெட். அதன்பின் இறக்கம் முழுக்கக் கல். முழங்கால் உங்களைப் பெயர்சொல்லித் திட்டும்.

உயரத்துக்குப் பயம் என்றால் இந்தத் திசைதான் நல்லது. வரம்பில் ஏறும்போது கண் பாறையைப் பார்க்கும். எதிர்த்திசையில் வந்தால் இறங்கும்போது கண் பள்ளத்தைப் பார்க்கும்.

பேர்கன் மழை | ஜூலை 11, காலை 8.20

அதோடு எதிர்த்திசையில் வந்தால் கடைசிப் படகைப் பிடிக்கும் கவலையும் சேரும். என் மகன் அப்படி வந்து, மெமுருபுவில் படகின் பின்பக்கத்தைப் பார்த்துக் கையசைத்தவன்.

கோடாலிக்காம்பு | ஜூலை 11, காலை 10.11

நான் மாறுபடுகிறேன். மெமுருபுவிலிருந்து கிளம்பினால் படகில் வந்த கூட்டம் முழுதும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஏறும். திருவிழா வரிசை. யெண்டெஸ்ஹைமிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் மலை உங்களுக்கே. எல்லோரும் ஒரே திசையைச் சொல்வதால் அது விதியாகிவிடாது.

நாணல் | ஜூலை 11, காலை 10.30

உயரத்துக்குப் பயப்படுகிறவருக்குச் சொன்ன வழி அது, ஐயா. உங்களுக்குச் சொன்னதாக இருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன். வேகமாக நடக்கிறவருக்கு உங்கள் யோசனை சரிதான்.

படகுக்கு இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். காரைத் துறையில் விட இடம் தேடாதீர்கள். கொஞ்சம் முன்னாலேயே ரெய்ன்ஸ்வாங்கனில் நிறுத்தினால் அங்கிருந்து வண்டி கொண்டுவிடும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்: மெமுருபுவிலிருந்து ஏரிக்கரை ஓரமாகவும் யெண்டெஸ்ஹைமுக்கு ஒரு பாதை இருக்கிறது. பத்து கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். மேலே காற்று மிஞ்சினால் அதுதான் உங்கள் வீட்டுவழி.

புதுநடை | ஜூலை 11, இரவு 8.15

காற்று மிஞ்சியது என்று எப்படித் தெரியும்?

பேர்கன் மழை | ஜூலை 11, இரவு 8.40

மனைவியிடம் கேளுங்கள்.

விளையாட்டு இல்லை. முந்தைய நாள் வானிலை ஆய்வு நிலையத்தின் ‘ஈர்’ தளத்தில் உச்சிக்கான காற்று வேகத்தைப் பாருங்கள். ஊருக்கான எண்ணைப் பார்த்துவிட்டு ஏறுகிறவர்கள்தான் அதிகம். குழுவில் மிகவும் தயங்குகிறவர் யாரோ அவர் சொல்வதே முடிவு என்று கீழேயே பேசிவிடுங்கள். இந்நாட்டில் மலைவிதிகள் என்று ஒன்பது உண்டு. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் இறந்த பின் அவற்றை வீடுதோறும் கொண்டுபோனார்கள். எட்டாவது விதியைப் பள்ளிப்பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. ஆபத்து என்றால் 112. மீட்புக்குக் கட்டணம் கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் செஞ்சிலுவைத் தொண்டர்கள், இரவுச் சாப்பாட்டை விட்டு எழுந்து வருகிறவர்கள்.

விட்டாவாசி | ஜூலை 11, இரவு 9.05

சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லை. யெண்டெஸ்ஹைம் டி.என்.டி. குடில்தான், முந்தைய இரவு அங்கே தங்கினால் காலைப் படகு எளிது. சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், ஏற்பாடு செய்வார்கள். படுக்கையில் விரிக்கத் துணி உறை கட்டாயம். காலை மேசையிலிருந்தே வழிக்கு ரொட்டி கட்டிக்கொள்ளலாம், குடுவையில் வெந்நீர் பிடிக்கலாம். பழுப்புப் பாலாடைக்கட்டி உங்கள் மச்சானுக்குப் பிடிக்காது. எவருக்கும் முதல்முறை பிடிப்பதில்லை. நான் எப்போதும் புளிச்சோறு கொண்டுபோவேன். குளிரில் கெடாது, ஆறினாலும் ருசி குறையாது. ஒருமுறை உச்சியில் பொதியைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்த நார்வேக்காரர் எழுந்து வந்து ‘இது என்ன வாசனை’ என்று கேட்டார். ஒரு கவளம் கொடுத்தேன். பதிலுக்கு அவர் சாக்லேட் கொடுத்தார். லாபம் அவருக்குத்தான்.

நாணல் | ஜூலை 11, இரவு 9.20

மாற்றுத் திட்டம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் வால்ட்ரெஸ்ஃப்ளீயே மேட்டைத் தாண்டியதும் பிட்டிஹோர்ன் என்ற மலை. 1607 மீட்டர், ஆனால் காரே பெரும்பாலான உயரத்தை ஏறிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும்.

புதுநடை | ஆகஸ்ட் 30, இரவு 11.10

வந்துவிட்டோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவு குடிலில் தங்கினோம். ஈரத்துணி உலர்த்தும் அறையின் வாசனையைப் பற்றி நீங்கள் யாரும் எச்சரிக்கவில்லை. நாற்பது ஜோடிக் காலுறைகள். ஈர் தளம் உச்சியில் காற்று என்றது. ‘பார்க்கலாம்’ என்றோம். இந்த ‘பார்க்கலாம்’தான் தவறு. காலைப் படகில் பாதி இருக்கை காலி. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் ஏற்றம் நாணல் சொன்னபடியே. மச்சான் முன்னே ஓடினான், பத்தாவது நிமிடத்தில் பின்னே வந்தான். மேட்டுக்கு வந்ததும் காற்று. அதைக் காற்று என்று சொல்வதா தெரியவில்லை. யாரோ தோளில் கைவைத்துத் தள்ளுவது போல இருந்தது. பேசினால் வார்த்தை வாயிலேயே திரும்பியது. மச்சான் ‘வரம்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்’ என்று கத்தினான். நான் இருபுறமும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். கீழே பேசி வைத்த முடிவு இருவருக்குமே மறந்துவிட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து ஷூ நாடாவை இறுக்கினாள், எழுந்தாள், வந்த வழியே இறங்கத் தொடங்கினாள். இருபது அடி போனபின்தான் அவள் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

கரைப்பாதையில் நடந்தோம். நாணல், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? நான்கரை மணி நேரம் அந்தப் பச்சைத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே நடந்தோம். கை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் கலங்கலாக, பால் கலந்த மாதிரி. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் கலங்கல் தெரியாது. வழியில் மச்சானின் புது ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்தது. தள்ளுபடியில் இணையத்தில் வாங்கியது. பையைக் கட்டும் கயிற்றால் கட்டி நடத்திக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை வானம் கழுவி விட்டது போல. வாகன நிறுத்தத்திலிருந்து பார்த்தால் மலைமேல் எறும்பு வரிசையாய் ஆட்கள். மச்சான் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. கயிறு கட்டிய ஷூவோடு அவன் ஏற முடியாது. எனக்கும் அன்று மாலைக்குள் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிட்டிஹோர்னில் மனைவியும் நானும் ஏறினோம். மச்சான் காரில் தூங்கினான். உச்சியிலிருந்து யோட்டுன்ஹைமன் முழுதும் வெள்ளைப் பற்களாகத் தெரிந்தது. உயரத்துக்குப் பயம் என்று சொன்னவள் விளிம்பில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டாள். நான்தான் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன்.

நாணல் | ஆகஸ்ட் 31, காலை 6.30

அந்தக் கரைப்பாதையை நான் இதுவரை நடந்ததில்லை. வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். இந்த வாரக் கடைசியில் போகிறேன்.

பேர்கன் மழை | ஆகஸ்ட் 31, காலை 7.45

மச்சானுக்குச் சப்பாத்து வாங்கும்போது என்னைக் கேளுங்கள். வாங்கியதும் உடனே மலைக்குப் போடக் கூடாது. இரண்டு வாரம் கடைத்தெருவுக்குப் போட்டு நடக்க வேண்டும். அடுத்த முறை பேர்கனுக்கு வாருங்கள். உல்ரிகன் மலையில் நேபாளத்து ஷெர்பாக்கள் கட்டிய 1333 கற்படிகள் இருக்கின்றன. ஏறி, மேட்டு வழியாகவே நடந்து ஃப்ளோயனில் இறங்கலாம். மழை பெய்யும். ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் பெய்கிறது, உங்களுக்காக நிறுத்த மாட்டார்கள். இறங்கியதும் எங்கள் வீட்டில் சோறு.

கல்நாக்கு | ஆகஸ்ட் 31, காலை 8.00

ட்ரோல்டுங்காவுக்குப் போயிருந்தால் காரில் ஆறு மணி நேரம் தூங்கவாவது செய்திருக்கலாம்.

புதுநடை | ஆகஸ்ட் 31, மாலை 5.20

மச்சானை விமானநிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். பாதுகாப்புச் சோதனை வரிசையிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறான்: ‘அடுத்த ஜூலை. படகு முன்பதிவு எப்போது திறக்கும் என்று கேட்டுச் சொல்.’ யாருக்காவது தெரியுமா?

கோடாலிக்காம்பு | ஆகஸ்ட் 31, மாலை 5.32

யெண்டெஸ்ஹைமிலிருந்து விடியற்காலையில் நடக்கத் தொடங்கினால் காலைப் படகே வேண்டாம்.